கம்பி வழியே வரும் தமிழ்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களிலே குடியேறிய நம்மவர் இல்லங்களில் டெலிவிஷன் பெட்டி வெறும் பொழுதுபோக்குக் கருவி அன்று. மும்பையில் வீதியில் இறங்கினால் மராத்தியும் இந்தியும். குழந்தைகள் படிக்கும் பள்ளியிலே ஆங்கிலம். பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் முதியவர்களுடன் தங்கு தடையின்றித் தமிழ் பேசும் துணை அந்தப் பெட்டி ஒன்றே என்றால் அது மிகையாகாது.

என் தாயாருக்குச் சில ஆண்டுகளாகச் செவிப்புலன் குறைந்து வருகிறது. பாட்டும் வாத்தியமும் கேட்கின்றன. வசனம் மட்டும் பிடிபடுவதில்லை. ஒலியைக் கூட்டலாம் என்றாலோ, ஒரே சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் அடுக்குமாடி வீட்டிலே அதற்கும் ஓர் எல்லை உண்டு. "எல்லாரும் வாயசைக்கிறார்கள், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று அவர் ஒருநாள் சொன்னார். அதன் பிறகே ஹோம் தியேட்டர் அமைப்பது என்று தீர்மானித்தேன். ஆடம்பரம் கருதியன்று, அந்த அமைப்பிலே நடுவில் வைக்கும் ஒலிபெருக்கி பெரும்பாலும் வசனத்துக்கென்றே அமைந்தது. இக்காலத்து மெல்லிய டெலிவிஷன்களில் ஒலிபெருக்கி அடியிலோ பின்புறத்திலோ ஒளிந்திருப்பதால் பேச்சு சுவரில் மோதிக் குழம்பி வருகிறது.

ஒலிபெருக்கிகளைத் தேர்ந்தெடுப்பது எளிதாக முடிந்தது. எந்தக் கம்பியால் இணைப்பது என்பதிலேதான் யோசனை வேண்டியிருந்தது. லாமிங்டன் ரோடு கடைகளில் அவை கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன.

முதலாவது, நம்மிற் பலரும் அறிந்த மூவர்ணக் கம்பி. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்புற ஒலிக்கு, சிவப்பு வலப்புற ஒலிக்கு. பழைய வீடியோ நாடாக்களைப் போட்டுப் பார்க்க இது இன்றும் உதவும். ஆனால் இதில் வருவது இரண்டு வழி ஒலியே. நடுவில் தனித்து நிற்க வேண்டிய பேச்சு இருபுறமும் பகிர்ந்து கலந்துவிடும்.

இரண்டாவது, 1983ஆம் ஆண்டிலே தோஷிபா நிறுவனம் கொண்டுவந்த ஒளியிழை. ஒலியை ஒளியாக மாற்றி அனுப்புவதால் மின்சாரத் தொடர்பே இல்லை. ஆகவே கேபிள் டெலிவிஷன் இணைப்பு உள்ள வீடுகளில் சில வேளை எழும் 'உம்' என்ற இரைச்சல் இதன் வழியே வருவதில்லை. ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் உரிய ஒலியைச் சுருக்கிக் கொண்டுவரும். எனினும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டளை இதன் வழியே செல்லாது. இரண்டு ரிமோட்டுகளை எண்பது வயதைத் தாண்டியவர் கையிலே கொடுப்பது தகுமா?

மூன்றாவது, புளூடூத். கம்பியே வேண்டாம் என்பது இதன் பெருமை. ஆனால் ஒலி சற்றுத் தாமதித்து வருவதுண்டு. நல்ல செவி உடையவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். செவி மந்தமானவர்களோ தம்மை அறியாமலே பேசுவோரின் உதடுகளைப் பார்த்துப் பாதிப் பொருளை உணர்கிறார்கள். உதடும் ஒலியும் பிரிந்துவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும்.

நான்காவது, 2002ஆம் ஆண்டு வெளியான எச்.டி.எம்.ஐ. படமும் ஒலியும் ஒரே கம்பியிலே செல்லும். 2009ஆம் ஆண்டு இதனுடன் ஏ.ஆர்.சி. என்னும் வசதி சேர்ந்தது. டெலிவிஷனில் வரும் ஒலி அதே கம்பி வழியே திரும்பி ஆம்ப்ளிஃபயரை அடையும். டெலிவிஷனின் ரிமோட்டே இரண்டையும் ஆளும். 2017இல் வந்த ஈ.ஏ.ஆர்.சி. சுருக்காத ஒலியையும் தாங்கும். எங்கள் தேவைக்கு ஏ.ஆர்.சி.யே போதுமானதாயிருந்தது.

இதிலே கவனிக்க வேண்டியவை மூன்று. டெலிவிஷனில் ஏ.ஆர்.சி. என்று குறித்த துவாரத்திலேயே கம்பியைச் செருக வேண்டும். ஒலி அமைப்பிலே பி.சி.எம். என்றிருந்தால் பல டெலிவிஷன்கள் இரண்டு வழி ஒலியையே வெளிவிடும். 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றிக்கொள்ளல் வேண்டும். ஒலிபெருக்கிக் கம்பிகளில் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் பொருத்த வேண்டும். ஒன்றில் மட்டும் மாறினால் ஒலி கனமிழந்து மெலியும்.

தங்க முலாம் பூசிய கம்பியால் படம் பொலிவுறும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். எண்களாகச் செல்லும் செய்தி பிழையின்றி வந்து சேர்ந்தால் போதும். அதற்கு மேல் பொலிவு கூட்ட எந்தக் கம்பியாலும் இயலாது. இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தரச்சான்று பெற்ற சாதாரணக் கம்பியே போதும்.

1952இல் வெளிவந்த 'பராசக்தி' போன்ற படங்களில் ஒலி ஒரே வழிதான். அத்தகையவற்றையும் தொடர்களையும் பார்க்கையில், ஆம்ப்ளிஃபயரில் உள்ள 'டால்பி சரவுண்ட்' அமைப்பு பேச்சைப் பிரித்து நடுவுக்குக் கொண்டுவருகிறது. நடு ஒலிபெருக்கியை மட்டும் 3 டெசிபெல் உயர்த்தி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லை.

செவி குறைந்தது குறைந்ததே. மருத்துவர் செய்ய வேண்டியதைக் கம்பி செய்துவிடாது. காது கருவிக்காக நாங்கள் மருத்துவரிடம் போய்வருகிறோம். ஆயினும் என் தாயார் இப்பொழுது வசனத்துக்குச் சிரிக்கிறார். அவர் ஏன் சிரித்தார் என்று தெரியாமல் என் மகள், "பாட்டி, அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறாள். அவர் ஒலியை நிறுத்திவிட்டு விளக்குகிறார்.

ஹோம் தியேட்டர் வாங்க எண்ணும் அன்பர்கள் கடைக்குச் செல்லுமுன், அதன் எதிரே நாள்தோறும் அமரப் போகிறவர் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பார்களாக. கம்பியை அவருக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்ளலாம்.