லாரித் தரை கொதிக்கிறதா? ஈரச்சாக்கைப் போடாதீர்கள்!

வியாழன், ஞாயிறு சந்தை நாள்களில் வடுகபட்டிக்குள் நுழையும்போதே பூண்டு வாசம் மூக்கைத் துளைக்கும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் விளைகிற மலைப்பூண்டு இங்குதான் இறங்கி வருகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. பூண்டின் மருத்துவ குணம் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைச் சுமந்து வரும் பழைய லாரிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் படும் பாட்டை யாரும் பேசுவதில்லை.

ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் தோட்டமும், இருபது வருடம் ஓடிய ஆறு சக்கர லாரியும் வைத்திருக்கிறார் ஒரு விவசாயி. மலைக்குப் போகும்போது தொழு உரம், உர மூட்டை ஏற்றிப் போவார். திரும்பும்போது பூண்டு. வரவு செலவு பார்க்க மனைவியும் கூடவே போவார். காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கினால், டம் டம் பாறைக்குள் கேபின் தரை அடுப்புக்கல்லாகிவிடும். செருப்பை மீறிச் சூடு ஏறும்.

அதற்கு அவர் கண்ட வைத்தியம் ஈரச்சாக்கு. புறப்படும்போது ஒரு சணல் சாக்கைத் தண்ணீரில் முக்கி, காலடியில் விரிப்பார். காய்ந்ததும் வழியில் ஊற்றுத்தண்ணீர் பிடித்து மறுபடி நனைப்பார். இரண்டு கோடைகள் இப்படியே ஓடின.

மனைவிக்கு வேறொரு தொல்லை. ஏற்றத்தில் தலை கனக்கும், குமட்டும். பெருமாள்மலை வருவதற்குள் சோர்ந்து கண்ணை மூடிவிடுவார். "வளைவு ஏறினா அப்படித்தான், எலுமிச்சம்பழத்த மோந்துக்க" என்பார் கணவர். ஆனால் அதே வளைவுகளில் இறங்கும்போது அந்த அம்மாவுக்கு ஒன்றும் செய்வதில்லை. இதை இருவருமே யோசித்துப் பார்க்கவில்லை.

ஒரு மார்கழி இரவு. மேலே போகப் போகக் குளிர். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். கீழே எரிச்சலாக இருந்த தரைச்சூடு, மேலே இதமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி தூங்கிவிட்டார். பண்ணைக்காடு பிரிவுக்குப் பக்கத்தில் டீக்கடையில் நிறுத்தி எழுப்பியபோது, அவர் எழவில்லை. உலுக்கிய பிறகு கண் திறந்தார், பேச்சு குழறியது. கீழே இறக்கி, வெளிக்காற்றில் அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகுதான் தெளிந்தார். கணவருக்கும் நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடிப்பதுபோல வலி. இன்னும் பத்து வளைவு போயிருந்தால், ஸ்டியரிங்கில் இருந்தவரும் சொக்கியிருப்பார். அன்று நல்ல காலம். இப்படி மயங்கியவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் சரி.

மறுநாள் வண்டி பட்டறைக்குப் போனது. மேஸ்திரி முதலில் காலடிச் சாக்கைத்தான் தூக்கினார். தரைத் தகரம் கையோடு வந்தது.

"என்ன தம்பி, சாக்குக்கு அடில தரையவே காணோம்?"

"சூடு தாங்கலண்ணே, அதான் நனைச்சுப் போட்டேன்."

"சூட்டுக்கு நனைச்ச, துரு தின்னுருச்சு. இப்ப ஓட்டை வழியா சூடும் வருது, புகையும் வருது."

ஈரமும், உர மூட்டையிலிருந்து சிந்திய உப்பும் சேர்ந்து தகரத்தை அரித்திருந்தன. அதற்கு நேர் கீழே சைலன்சர் குழாயின் இணைப்பில் பேக்கிங் வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. குழாயைத் தூக்கிப் பிடிக்கும் ரப்பர் ஒன்று அறுந்து, குழாய் இடம் மாறித் தரையை ஒட்டிக் கிடந்தது. ஏற்றத்தில் என்ஜின் திணறும்போது புகை அழுத்தத்தோடு பீறிடும்; அது நேராகக் கேபினுக்குள் வந்திருக்கிறது. இறக்கத்தில் என்ஜினுக்கு வேலை குறைவு, புகையும் குறைவு. அந்த அம்மாவுக்கு ஏறும்போது மட்டும் தலை சுற்றிய காரணம் இதுதான்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டீசல் புகையில் அது பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் மூடிய கேபினில் மணிக்கணக்காகச் சுவாசித்தால் ஆபத்து. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-லேயே அறிவித்துவிட்டது.

மேஸ்திரி செய்த வேலையின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் புகையை அடைத்தார். சூட்டுக்குப் பிறகுதான் வந்தார். காலையில் குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் வாயைக் கனத்த துணியால் ஒரு நொடி அழுத்தினார். ஓட்டை இருக்கும் இடம் 'புஸ்' என்று காட்டிக்கொடுத்தது. பேக்கிங் மாற்றி, அறுந்த ரப்பரைப் போட்டு, குழாயைப் பழைய இடத்துக்கு இறக்கினார். துருப்பிடித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்தார். கியர் லீவர், பெடல் ஓட்டைகளுக்கு ரப்பர் உறை போட்டார்.

அடுத்தது சூடு. பாரத்தோடு ஏறும் டீசல் என்ஜினின் புகை, வெளியேறும் இடத்தில் 400, 500 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். பெரியகுளம் பகுதி சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். வழி முழுக்க ஏற்றம்தான். குழாய்க்கும் தரைக்கும் நடுவே பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றைப் போல்ட், புஷ் வைத்துத் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் ஓர் அங்குல இடைவெளி. தகடு சூட்டைத் திருப்பியடிக்கும், இடைவெளியில் ஓடும் காற்று மிச்சத்தை இழுத்துப்போகும். தரையோடு ஒட்டி அடித்தால் பயனில்லை. தகடே சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர் எதிலும் தகடு உரசக் கூடாது.

கேபினுக்குள் கிளாஸ் வூல், அதன் மேல் கெட்டி ரப்பர் மேட். தெர்மாகோல், பஞ்சு மெத்தை வேண்டாம், தீப்பிடிக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, ஷீட்டும் வேண்டாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

கடைசியாக ஏர் ஃபில்டரைத் தட்டிக் காட்டினார். சந்தைத் தூசு ஒரு கைப்பிடி விழுந்தது. காற்று குறைந்தால் கரும்புகை வரும், புகையின் சூடும் ஏறும். நாசிலும் பம்பு டைமிங்கும் கெட்டிருந்தாலும் இதே கதைதான். "பாரத்தையும் கொறச்சு ஏத்து தம்பி. நீ ஏத்துற ஒவ்வொரு மூட்டையும் ஒங்காலடிலதான் எரியுது" என்றார்.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் பழைய வண்டிக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு இந்தத் தகடும் பேக்கிங்கும்தான் கதி.

உங்கள் வண்டியில் ஏறும்போது மட்டும் தலைவலி வருகிறதா? இறங்கி நின்றால் தெளிகிறதா? அது மலையின் குற்றமில்லை. அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்கு விடுங்கள்.

அந்த லாரி அடுத்த வாரமே மேல்மலைக்குக் கிளம்பியது. தரை இளஞ்சூடோடு நின்றது. பெருமாள்மலை வரை அந்த அம்மா விழித்தபடி பேசிக்கொண்டே வந்தார்.

"குளிருதுங்க, கண்ணாடிய ஏத்திரவா?"

"ஒரு விரக்கட தொறந்தே இருக்கட்டும்" என்றார் கணவர்.