வெறும் ட்யூபுக்கும் ஓர் எண்

திங்கள்

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலிருந்து மல மாதிரிகளை எடுத்தோம். முழுவதும் உருகவிடக் கூடாது. உருகுவதும் உறைவதுமாக இருந்தால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும். வேண்டியதைச் சுரண்டிக்கொண்டு மிச்சத்தை உடனே உள்ளே வைத்தோம். வரிசைக் கடைசியில் மாதிரி போடாத ட்யூப் ஒன்றுக்கும் எண் எழுதினேன். "ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குக்கா நம்பர்?" என்றாள் புதிதாகச் சேர்ந்த மாணவி.

டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டில் வரும் கரைசல்களிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் சூசன்னா சால்ட்டர் குழுவினர் சால்மொனெல்லாவை மட்டும் வளர்த்து, நீர்க்க நீர்க்கக் கலந்து பரிசோதித்தார்கள். நீர்த்துப் போகப் போக, அவர்கள் போடாத பாக்டீரியாக்களே முடிவுகளில் அதிகம் தெரிந்தன. 2014-இல் வந்த கட்டுரை அது. இன்றே படிக்கச் சொன்னேன்.

செவ்வாய்

நுண்மணிகளோடு குலுக்கும் வேலை. சில பாக்டீரியாக்களின் செல்சுவர் தடிமனானது. ரசாயனம் மட்டும் போதாது. சுவர் உடையாவிட்டால் அந்த இனம் குடலில் குறைவு என்று தவறாகக் கணக்காகிவிடும். அதிகமாகக் குலுக்கினால் டி.என்.ஏ. நொறுங்கும். எந்தெந்த இனம் எவ்வளவு என்று முன்பே தெரிந்த கலவை ஒன்றையும் கூடவே குலுக்கினோம். நம் கை சரியா என்று அதுதான் சொல்லும்.

புதன்

பி.சி.ஆர். பாக்டீரியா இனங்களை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். அதில் வி4 பகுதியை மட்டும் பெருக்குகிறோம். ஜெல்லில் வெறும் ட்யூபுக்குப் பட்டை தெரியவில்லை. "அப்போ சுத்தம்தானே, விட்டுடலாமா?" என்றாள். கூடாது. ஜெல்லின் கண்ணுக்குத் தப்பியது வரிசைப்படுத்தும் கருவிக்குத் தப்பாது. பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவது எனக்கு வருத்தம்.

வெள்ளி

காந்தமணிகளால் சுத்திகரித்து, 80 சதவீத எத்தனாலில் கழுவினோம். மணிகள் வெடிக்குமளவு காய்ந்தால் டி.என்.ஏ. பிரிந்து வராது, பக்கத்திலேயே நின்றோம். அளந்து, சம அளவில் கலந்தோம். வெறும் ட்யூபில் அளக்க ஒன்றுமில்லை. மற்றவற்றில் எடுத்த அதிகபட்சக் கொள்ளளவையே அதிலிருந்தும் எடுத்துச் சேர்த்தோம்.

வெறும் ட்யூபை ஏன் விடக் கூடாது என்பதற்கு மாணவியிடம் ஓர் உதாரணம் சொன்னேன். நஞ்சுக்கொடியில் நுண்ணுயிர்க் கூட்டம் வாழ்கிறது என்று 2014-இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. 2019-இல் கேம்பிரிட்ஜ் குழு 500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்து, கண்டதில் பெரும்பகுதி கிட்டிலிருந்தும் பிரசவத்தின்போதும் வந்த கலப்படம் என்று காட்டியது.

கலப்படம் கிட்டுக்குக் கிட்டு மாறும். நோயாளிகளை ஒரு கிட்டிலும் ஆரோக்கியமானவர்களை இன்னொன்றிலும் செய்தால், கிட்டின் வித்தியாசம் நோயின் வித்தியாசமாகத் தெரியும். அடுத்த தொகுதிக்கு இருதரப்பையும் குலுக்கல் முறையில் கலந்து அடுக்கி, கிட்டுகளின் லாட் எண்களை நோட்டில் எழுதிவைத்தோம்.