ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸ்

டாக்குரியாவில் ஒரு மாடி வீடு. ஞாயிறு மதியம். தட்சிணாபண் கடைத்தொகுதியில் வாங்கிவந்த புதுப் புடவை பிரிக்கப்படாமல் கட்டிலில் கிடக்கிறது. 'ஃபன்னி ஃபேஸ்' ஓட ஆரம்பித்துவிட்டால் பாட்டிக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

1957ல் ஸ்டான்லி டோனன் இயக்கிய படம். கதையைத் தபால் கார்டில் எழுதிவிடலாம். நியூயார்க் புத்தகக் கடையில் வேலை பார்க்கும் ஆட்ரி ஹெப்பர்னை ஒரு ஃபேஷன் பத்திரிகை மாடலாக்கி பாரிஸுக்கு அழைத்துப்போகிறது. போட்டோகிராஃபர் ஃப்ரெட் அஸ்டேர் மீது அவளுக்குக் காதல். (நிஜத்தில் அஸ்டேர் 30 வயது மூத்தவர். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சகஜம்.)

பேத்திக்கு எரிச்சல். "படிக்கிற பொண்ணைப் பிடிச்சு துணி மாட்டற ஸ்டாண்டா ஆக்கிட்டாங்க. இதையா ரசிக்கிறே?"

நியாயமான கேள்வி. படம் சிந்தனையாளர்களைப் போட்டுக் கிண்டலடிக்கிறது. ஹெப்பர்ன் தெய்வமாக மதிக்கும் தத்துவப் பேராசிரியர் கடைசியில் வெறும் சபலக்காரர். சத்யஜித் ராயும் நண்பர்களும் 1947லேயே ஃபிலிம் சொசைட்டி தொடங்கிய ஊரில் இப்படியொரு படம் பிடிக்கும் என்று சொல்ல தைரியம் வேண்டும். தீவிர சினிமா ரசிகரான கணவர் இருந்தவரை பாட்டி சொன்னதில்லை.

ஆனால் என்ன அழகு! பெண்கள் எல்லோரும் ரோஸ் நிறம்தான் உடுத்த வேண்டும் என்று பாட்டாகவே உத்தரவு போட்டுவிட்டு, தான் மட்டும் அதைத் தொடாத பத்திரிகை ஆசிரியை கே தாம்ப்ஸன். ஜிவான்ஷி தைத்த உடைகள். அவற்றுக்கு ஏற்றபடி ஒவ்வொரு ஃப்ரேமையும் போட்டோவாக உறையவைக்கும் ரிச்சர்ட் அவெடனின் யோசனைகள்.

பாட்டி வாதாடவில்லை. பாரிஸ் நிலவறை கஃபே காட்சி வந்ததும், "இதைப் பாரு" என்கிறார். ஜிவான்ஷி இல்லை, நகை இல்லை. கறுப்பு ஸ்வெட்டர், கறுப்பு பேன்ட்டில் ஹெப்பர்ன் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறார். அஸ்டேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பாலே கற்ற பெண்ணாயிற்றே!

காலில் வெள்ளை சாக்ஸ். முழுக்கக் கறுப்பாக இருந்தால்தான் அழகு என்று ஹெப்பர்ன் அடம்பிடித்து அழுதாராம். இருட்டில் பாதங்கள் தெரியாமல் போகும் என்று டோனன் விடவில்லை. படத்தைப் பார்த்த பிறகு, சாக்ஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவருக்குச் சீட்டு எழுதியனுப்பினார் ஹெப்பர்ன்.

"இப்போ சொல்லு, துணியா ஆடுது?"

பேத்தி பதில் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து, அந்த நடனத்தை மட்டும் முதலிலிருந்து போடுகிறாள்.