பெயரில்லாத ஒரு மெட்டைத் தேடி

மாட்ரிட்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்பெயினின் தேசிய கீதமான 'மார்ச்சா ரியால்' பிறந்த கதையைத் தேடி இந்த ஊர்த் தேசிய நூலகத்துக்கு வந்திருக்கிறேன்.

அந்த மெட்டுக்குத் தெரிந்தவரை மிகப் பழைய சான்று 1761-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று. மனுவேல் தெ எஸ்பினோசா எழுதிய காலாட்படைக் கையேடு அது. கூடு, நில், நட என்று படைக்குச் சொல்ல எந்த மெட்டை ஊத வேண்டும், முரசை எப்படி அடிக்க வேண்டும் என்று வகுத்துத் தருகிறது. அதில் நம் மெட்டின் பெயர் 'மார்ச்சா கிரனதேரா', அதாவது கிரனேடியர் வீரர்களின் நடை. இயற்றியவர் பெயர் இல்லை.

1770-இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் இதை மரியாதை அணிவகுப்பு இசையாக்கினார். இயற்றியவர் யாரென்று தெரியாததால் கதைகள் முளைத்தன. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் அன்பளிப்பாகத் தந்தது என்ற கதை அச்சேறியது 1864-இல். ஏட்டுக்கும் கதைக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கு மேல்! அரண்மனைப் பரிசு என்ற பெருமை எனக்கு வேண்டாம். வெயிலில் நடந்த சிப்பாய்களின் இசை என்று ஏடு சொல்வதே எனக்குப் பெரிது.

இன்றைய வடிவம் 1997-இல் அரசாணையால் உறுதியானது. முழுதாக வாசித்தால் 52 விநாடி, சுருக்கமாக 27. மெட்டு எளிது: நான்கு தாள அளவுகள் கொண்ட பகுதி, மறுபடி அதுவே, பிறகு இன்னொரு நான்கு, மறுபடி அதுவே. காலடி தவறாமல் நடப்பவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதிகாரபூர்வமான பாடல் வரிகள் இன்றுவரை இல்லை. ஸ்பெயின் ஒலிம்பிக் கமிட்டி போட்டி வைத்துத் தேர்ந்த வரிகளும் எதிர்ப்பு கிளம்பியதால் 2008-இல் கைவிடப்பட்டன. சுவாமி புறப்பாட்டுக்கு நம் ஊரில் நாகஸ்வரமும் தவிலுமாக மல்லாரி முழங்குமே, அதற்கு யார் சாகித்தியம் கேட்டார்கள்? குழலுக்கும் முரசுக்கும் பிறந்த மெட்டு இது. ஸ்பெயின்காரர்கள் சொல் தேடித் தவிக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

எஸ்பினோசா எழுதி வைத்திராவிட்டால், கதை மட்டுமே மிஞ்சியிருக்கும். நம் கோயில் வாசிப்புகளிலும் எழுத்தில் ஏறாதவை எத்தனையோ. உங்கள் ஊர் மூத்த வித்வான்களிடம் இருப்பதை இப்போதே பதிவு செய்யுங்கள். ஊர் திரும்பியதும் நானும் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்