தெரிந்த தமிழை மறைத்தேன்

திருவனந்தபுரம் தம்பானூரில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்கு நான் போவது ஒட்டுக்கேட்கத்தான். காபி ஒரு சாக்கு. நாகர்கோவில் ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்பது இன்னொரு சாக்கு.

பேருந்து நிலையத்தை ஒட்டி கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் கோபுரம் ஒட்டுக்கேட்பவனுக்கு மிகவும் வசதி. உள்ளே தனித்தனி மாடி கிடையாது. ஒரே தரை சுருண்டு சுருண்டு மேலே ஏறும். வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் நகர்த்த முடியாதபடி கட்டிவைத்தவை. ஒன்றைவிட அடுத்தது சற்று உயரம். சுவரில் விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வரும், காற்று வரும். முதுகைத் திருப்பி உட்கார்ந்தால் பின்மேசைக்காரர் பேசுவது காதருகில் விழும். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. வினாத்தாளை ஒருவரையொருவர் கேட்டுப் படிக்கும் பிள்ளைகள், ஒரு கட்லட்டை இரண்டாகப் பிட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வழி தேடும் காதலர்கள், எல்லார் பேச்சையும் அப்படித்தான் கேட்டேன். வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டேன். அதில் எனக்கு உறுத்தல் இருந்ததில்லை. எழுதுகிறவன் கேட்கத்தானே வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பின்மேசையில் ஓர் அப்பாவும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு திருநெல்வேலிப் பக்கம். புற்றுநோய் சிகிச்சைக்கென்று நம் தென்மாவட்டத்துக்காரர்கள் திருவனந்தபுரம் வருவது வழக்கம்தான். கேட்டவரையில், அம்மா வார்டில் இருந்தாள். மகள் கல்லூரியில் படிக்கிறவள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து ஆங்கிலத்தில் மெல்ல வாசித்தாள். பிறகு அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். வாசித்தது ஒன்று, சொன்னது வேறு. நோய் ஈரலுக்கும் பரவியிருப்பதாகத் தாளில் இருந்தது. “மருந்து கேக்குதாம்ப்பா. ஒண்ணும் பயமில்லைன்னு போட்டிருக்கு” என்றாள். அவர், “நீ சாப்பிடு தாயி, காலேல இருந்து ஒண்ணும் திங்கல” என்றார்.

நான் அசையாமல் இருந்தேன். அவள் மறைத்தது அவளைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு கிளர்ச்சி இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் என் பக்கம் திரும்பி, தெரிந்த மலையாளத்தில், மெடிக்கல் காலேஜ் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். “தாழெ சோதிச்சால் பறயும்” என்றேன். கீழே கேட்டால் சொல்வார்கள் என்று, மலையாளத்தில்தான். நானும் தமிழ்தான் என்று தெரிந்தால் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது வெளிப்பட்டுவிடும். அதற்குமேல் அவர்கள் என் முன்னால் எதுவும் பேசவும் மாட்டார்கள். இரண்டுக்கும் பயந்தேன். அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

கூடவே இறங்கி பஸ் ஏற்றிவிட்டிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் தனியாக, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்ததை இன்னொருவரும் அறிவார் என்பதே அவளுக்கு ஒரு தெம்பாக இருந்திருக்கும். நான் உட்கார்ந்திருந்த கட்டடத்தைக் கட்டிய பேக்கர், தொழுநோயாளிகளுக்கான இல்லங்களைக் கட்டும் வேலையாக 1945-இல் இந்தியாவுக்கு வந்தவர். காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு கூட்டுறவாகச் சேர்ந்து, கேரளத்தில் 1958-இல் திருச்சூரில் தொடங்கியதுதான் இந்தக் காபி ஹவுஸ் வரிசை. ஒருவருக்கொருவர் கைகொடுத்தவர்கள் உண்டாக்கிய இடத்தில் உட்கார்ந்துதான் நான் கையை மடக்கிக்கொண்டேன்.

அன்றிரவே அதைக் கதையாக எழுதினேன். அச்சிலும் வந்தது. மகள் மாற்றிச் சொல்லும் இடத்தை எல்லாரும் பாராட்டினார்கள். கதையில் பக்கத்து மேசைக்காரன் என்று ஒருவன் இல்லை. அவனை மட்டும் நீக்கியிருந்தேன். பிறகு வந்த தொகுப்பில் அந்தக் கதையைச் சேர்க்கவில்லை. அதனால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை என்று தெரியும்.

இன்றும் அங்கே போகிறேன். தமிழ் காதில் விழுந்தால் திரும்பி, “எந்த ஊரு?” என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கேட்டதும் பேச்சைத் தணித்துக்கொள்கிறார்கள். சிலர் வழி கேட்கிறார்கள், சிலர் சிரிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எழுத எனக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த இழப்பு இன்னமும் எனக்கு உறைக்கத்தான் செய்கிறது.