ஒடுக்கு எடுத்த டிரம்பெட்

முன்பல் விழுந்துவிட்டால் டிரம்பெட் வாசிப்பது பெரும்பாடு. உதட்டுக்கு அண்டக்கொடுப்பதே அந்தப் பல்தான். பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் கல்யாண ஊர்வலங்களில் வாசித்த ஒரு பெரியவர் அதனால்தான் தன் வாத்தியத்தை விற்றார். 4,000 ரூபாய் சொன்னார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

மீரட்டில் செய்த டிரம்பெட் அது. நம் ஊர் பேண்டு செட்டுகளில் ஒலிக்கும் பித்தளை வாத்தியங்கள் பலவும் அந்த ஊரின் ஜலி கோத்திப் பகுதிப் பட்டறைகளிலிருந்து வருபவைதான். விரிந்த முனையான பெல்லில் ஓர் ஒடுக்கு, வளைவுகளில் களிம்பு. ஆவலோடு உதட்டருகே கொண்டுபோனேன். பெரியவர் தடுத்தார்.

"ஒடனே ஊதாதீங்க தம்பி. காத்து எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க."

முதல் வால்வை அழுத்தாமல், அதோடு இணைந்த நகரும் குழாயான ஸ்லைடை மட்டும் மெதுவாகப் பாதி வெளியே இழுத்தார். நாலைந்து நொடி காத்திருந்து வால்வை அழுத்தினார். ‘டப்’ என்று ஒரு சத்தம். உள்ளே அடைபட்ட வெற்றிடத்துக்குள் காற்று பாயும் சத்தம் அது. வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேய்ந்திருந்தால் காற்று முன்பே அந்த வெற்றிடத்துக்குள் கசிந்து புகுந்திருக்கும், சத்தம் வராது. இரண்டாவதும் ‘டப்’ என்றது. மூன்றாவது ஸ்லைடோ இறுகிப்போய் அசையவே இல்லை.

"அத எடுத்துட்டீங்கன்னா வாத்தியம் உங்களுது" என்றார்.

சுமார் நாலரை அடி நீளக் குழாய்க்குள் அதிரும் காற்றுதான் டிரம்பெட்டின் குரல். வழியில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் அந்தக் குரல் தளர்ந்துவிடும். விலை குறைந்த வாத்தியத்தில் நாம் குறை என்று நினைப்பதில் பாதி, கசிவும் அழுக்கும்தான்.

வீட்டில் பிஸ்டன்களைக் கழற்றி, அவற்றில் பொறித்திருந்த 1, 2, 3 வரிசை மாறாமல் துணியில் வைத்தேன். குழாயை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிட்டேன். நீண்ட பிரஷ்ஷை விட்டு இழுத்தபோது பச்சையும் பழுப்புமாக வண்டல் வந்தது. எத்தனையோ கல்யாணங்களின் மூச்சுப் படிவு! உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயில் நைந்திருந்த தக்கையை எடுத்துவிட்டு, பாட்டில் தக்கையைப் பிளேடால் சீவி ஒட்டினேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும் என்பதால் வால்வு ஆயிலே வாங்கினேன். தேய்ந்த பிஸ்டனுக்கு ஏற்ற சற்றுக் கெட்டியான ரகம். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுக்கும் ஒருவர், பெல்லை இரும்புக் கம்பத்தில் பொருத்தி, மரச்சுத்தியலால் பூப்போலத் தட்டிச் சரிசெய்தார்.

மூன்றாவது ஸ்லைடு மூன்று நாள் எடுத்துக்கொண்டது. இணைப்பில் எண்ணெய் விட்டு இரவெல்லாம் வைத்தேன். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தேன். வளைவுக்குள் கைக்குட்டையை நுழைத்து நேராக இழுத்தேன். மூன்றாம் நாள் இழுத்த இழுப்பில் கழன்று வந்தது.

அந்த ஸ்லைடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது வாசிக்கும்போதுதான் புரிந்தது. ஒன்றாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் குழாயின் நீளம் கணக்குக்குக் கொஞ்சம் போதாது, சுருதி ஏறிவிடும். ஸ்லைடைச் சற்று நீட்டித்தான் அதை இறக்க வேண்டும். அது இறுகிக் கிடக்கும்வரை சுருதி பிசகினால் பழியை வாத்தியத்தின்மேல் போடலாம். நகர ஆரம்பித்த பிறகோ, காதால் கேட்டு நீட்டுவது என் பொறுப்பாகிவிட்டது. பழுது பார்த்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான்.

ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் அடகுக்கடையில் 5 டாலருக்கு வாங்கிய, டிரம்பெட்டின் உறவு வாத்தியமான கார்னெட்டும் கறுத்துப்போய்த்தான் இருந்தது. அவருக்கு வேலை கொடுத்திருந்த கர்னாஃப்ஸ்கி குடும்பத்துப் பிள்ளை அதைப் பாலிஷ் போட்டுத் துலக்கி, உள்ளே எண்ணெய் ஊற்றிச் சுத்தம் செய்து கொடுத்ததை ஆர்ம்ஸ்ட்ராங் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார். வாத்தியத்தை ஒருவர் கையில் கொடுப்பதென்றால் அது மூச்சுவிடும்படி ஆக்கிக் கொடுப்பதும்தானே.

போன மாதம் டிரம்பெட்டைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு மூன்றாவது ஸ்லைடை இழுத்துக் காத்திருந்து வால்வை அழுத்தினார்.

‘டப்.’

என்னிடம் நீட்டி, "இப்ப ஊதுங்க தம்பி" என்றார்.