பேரம் பேசாத வியாபாரி

டிசம்பர் 14, நாகலூர்

காப்பிப் பழம் பறிக்க வந்தவர்களுக்குக் கூலிக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். நோட்டைப் புரட்டும்போது போன மார்ச் பக்கம் கண்ணில் பட்டது. மிளகு, 210 கிலோ. பணம் வரவு என்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

அந்த வியாபாரியை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்பா படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். வாய்க்கு வாய் ‘அக்கா’. நான் சொன்ன விலைக்கு மறுபேச்சு இல்லை. காசோலை திரும்பி வந்த பிறகும் தினமும் போன் செய்தார். “ரெண்டே வாரம்க்கா, பேங்க்ல ஒரு சின்ன சிக்கல்.” வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால்தான் காசோலை வழக்கு நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த 30 நாள் கழிந்ததும் போன் நின்றுவிட்டது.

அவர் முகத்தில் எதையோ கவனிக்கத் தவறிவிட்டேன் என்று ஒன்பது மாதமாக மனதை அரித்துக்கொண்டிருந்தது. இன்றுதான் உறைத்தது. கவனிக்க வேண்டியது முகத்தில் இல்லை. ஒரு பிடி மிளகை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாரா? இல்லை. ஈரம் எவ்வளவு என்று கேட்டாரா? கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னாரா? அதுவும் இல்லை. பணம் கொடுக்கப் போகிறவன் பேரம் பேசுவான். கொடுக்கும் எண்ணமே இல்லாதவனுக்கு எந்த விலையும் கட்டுபடியாகும்.

டிசம்பர் 15

அப்பாவுக்கு இந்தத் தலைவலி இருந்ததில்லை. 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். பணம் தவணை தவணையாக, தாமதமாகத்தான் வரும். ஆனால் எதிரே நிற்கிற ஆள் எப்படிப்பட்டவன் என்ற யோசனையே வேண்டியதில்லை. 1990களின் நடுவில் அந்த ஏற்பாடு முடிந்து, யாரிடமும் விற்கலாம் என்றானது. நல்ல மாற்றம்தான். கூடவே, ஆளைப் பார்த்து எடைபோடும் வேலையும் எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரர்கள் தலையில் வந்து விழுந்தது.

2012இல் பெருந்துறை சுசி ஈமு பண்ணை நிறுவனத்தின் மோசடி வெடித்தபோது, ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஊரே சுலபமாகச் சொல்லிவிட்டது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஈமுக் குஞ்சும் தீவனமும் தந்து மாதம் 6,000 ரூபாயும் தருவதாக அறிவித்திருந்தார்கள். பணம் கட்டிய விவசாயிகள் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவர்கள். ஈமுக் கறியை யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் அவர்கள் அழுத்திக் கேட்கவில்லை. கேட்டால் அந்த 6,000 கையைவிட்டுப் போய்விடும். எனக்கும் அதேதான் நடந்தது. அந்த விலை எனக்கு வேண்டியிருந்தது. அதனால் அவரை நல்லவராக்கிக்கொண்டேன்.

ஜனவரி 9

இதை எழுதக் கை கூசுகிறது.

பழத்தோல் நீக்கிக் களத்தில் காயவைத்த பார்ச்மென்ட் காப்பியை மூட்டை பிடித்தோம். நான் போட்டிருந்த கணக்குக்கு இரண்டு மூட்டை குறைந்தது. மார்ச் மாதத்துச் சூடு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. காவல் பார்க்கும் அண்ணனிடம், “சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டேன். 20 வருஷமாக இந்தக் களத்திலேயே படுத்து உறங்குகிறவர். பதில் சொல்லாமல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மூட்டைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கணக்கை மறுபடி பார்த்தேன். பறித்த பழம் மொத்தத்துக்கும் கணக்குப் போட்டிருக்கிறேன். தொட்டித் தண்ணீரில் மிதந்ததை ஒதுக்கி, தோலோடு தனியாகக் காயப் போட்டோமே, அதைக் கழிக்கவில்லை. அந்தப் பழம் பக்கத்துப் படுதாவில்தான் கிடந்தது. நான் தினமும் தாண்டிப் போன படுதா.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறள், ஆராயாமல் நம்புவதையும் நம்பிய பிறகு சந்தேகப்படுவதையும் சேர்த்தே எச்சரிக்கிறது. பள்ளியில் படித்ததில் முதல் பாதி மட்டும்தான் எனக்குள் தங்கியிருக்கிறது. ராத்திரியே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லைங்க” என்றார்.

ஜனவரி 17

சேலத்திலிருந்து புது வியாபாரி வந்தார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த மனிதர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஒரு கொட்டையைக் கடித்து, முகத்தைச் சுளித்தார். “அடி மூட்டைல ஈரம் இருக்குதுங்க. இன்னும் ஒரு வெயில் காட்டணும்.” விலைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த எரிச்சலை வைத்து அவரை எடைபோடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேரம் பேசுகிறார் என்பதற்காக நம்பிவிடவும் இல்லை. பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் மூட்டை வண்டியில் ஏறும் என்றேன். முணுமுணுத்தார். ஆனால் போனை எடுத்தார்.

பணம் வந்து சேர்ந்த குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, எடை போடச் சொன்னேன். அண்ணன் தராசுப் பக்கம் போகவில்லை. நான் சின்னப்பெண்ணாக இருந்த நாளிலிருந்து ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்.

“நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்கம்மா,” என்றார்.